மாக் மண்டினில் புதிதாக சூப்பர்வைசர் ஆனவருக்கு

பட்டர்வொர்த்தின் மாக் மண்டின், பினாங்கின் பழைய தொழிற்பேட்டைகளில் ஒன்று. 1960களின் தொடக்கத்தில் உருவானது. இங்கே சூப்பர்வைசர் ஆகிறவர்களில் பலர் மெஷின் பக்கத்தில் நின்று மேலே வந்தவர்கள். வேலை அத்துப்படி. ஆட்களை நடத்தத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. நேற்றுவரை சேர்ந்து தே தாரிக் குடித்தவர்களுக்கு இன்று வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் காதில் விழும் அறிவுரைகளில் சில ஆபத்தானவை.

நம்பிக்கை: குரலை உயர்த்தினால்தான் ஆள் அடங்கும்.

உண்மை: இது தோட்டத்துப் பாடம். தோட்டத்தில் ஆட்களை நடத்திய கங்காணி தன் ஊர்ப்பக்கத்திலிருந்தே ஆள் திரட்டி வந்தார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. வந்தவர்களோ முன்பணத்தில் கடன்பட்டவர்கள். அந்த அதட்டல் பலித்ததற்குக் காரணம் கடனும் சொந்தபந்தமும்தான், குரல் அல்ல. 1938இல் இந்திய அரசு தடை போட்டதோடு அந்த ஆள்சேர்ப்பும் நின்றது. இன்று உங்கள் கையில் அப்படி ஒரு பிடி கிடையாது, இருக்கவும் கூடாது. கத்துகிறவரிடம் யாரும் கெட்ட செய்தியைக் கொண்டுவர மாட்டார்கள். மெஷினில் கேட்கும் புதுச் சத்தம், கழன்று கிடக்கும் தடுப்பு, விரலில் பட்ட சின்னக் காயம் எல்லாம் உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆபத்தைச் சொல்கிறவர் பக்கம் சட்டமும் நிற்கிறது. வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். அப்படி விலகியவரை ‘சொல்பேச்சு கேட்காதவன்’ என்று எழுதி வைக்காதீர்கள்.

நம்பிக்கை: வெளிநாட்டு ஆட்களை எவ்வளவு நேரமும் நிறுத்தி வைக்கலாம்.

உண்மை: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் 30 நிமிடம் ஓய்வு தர வேண்டும். ஓ.டி. மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, ஆளை வெளியே போகவிடாமல் தடுக்கும் முதலாளிக்கு 1,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இருக்கட்டும். நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் பட்ட பாட்டை நேப்பாளத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு நாமே கொடுப்பது அநியாயம்.

நம்பிக்கை: ஒருவனை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினால் மற்றவர்கள் திருந்துவார்கள்.

உண்மை: நடத்தைக் குற்றத்துக்கு வேலைநீக்கம் என்றால் முறையான விசாரணை வேண்டும். விசாரணைக்காக 2 வாரம் வரை ஒதுக்கி வைக்கலாம். அப்போதும் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் முறையிடலாம். அந்த முறையீட்டில் உங்கள் கோபம் சாட்சி சொல்லாது. தேதி, நேரம், நீங்கள் கேட்டது, அவர் சொன்ன பதில், எல்லாவற்றையும் அன்றன்றே குறித்து வையுங்கள்.

நம்பிக்கை: சூப்பர்வைசர் ஆனால் ஓ.டி. கிடையாது.

உண்மை: பதவி மாறியதாலேயே அந்த உரிமை போய்விடாது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவரைச் சட்டம் காக்கிறது. சாதாரண நாளில் ஓ.டி.க்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஓ.டி. பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.