உழவு இயந்திரத்தினால் இழுவைப் பெட்டியைப் பாதுகாப்பாய் இழுத்தல்

உழவு இயந்திரம் வயலில் உழும்போது நிலம் கலப்பையைப் பற்றிக்கொள்கின்றது. ஆகலின் விசையைக் குறைத்தவுடன் இயந்திரம் நின்றுவிடும். அறுவடை முடிந்து, நெல் மூடைகளை ஏற்றிய பெட்டியோடு அது வீதிக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகின்றது. பின்னாலுள்ள பாரம் சமதரையில் இழுபடுகின்றது. இறக்கத்திலும் பிரேக்குப் பிடிக்கும்போதும் இயந்திரத்தை முன்னே தள்ளுகின்றது. இழுக்க முடிந்த பாரத்தை நிறுத்தவும் முடியும் என்று எண்ணுதலே பல விபத்துக்களுக்குக் காரணமாகும். எவ்வளவு பாரத்தை இழுக்கலாம் என்பதைவிட, எவ்வளவு பாரத்தை நிறுத்தலாம் என்பதையே கமக்காரர் முதலிற் சிந்தித்தல் வேண்டும்.

1. குறுகிய இயந்திரத்தின் இயல்பு

எமது வயல்களிற் பயன்படும் சிறிய நாற்சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டு மீற்றருக்கும் குறைவாகும். இதனால் அவை வரம்போரத்திலும் வயல் மூலையிலும் எளிதில் திரும்புகின்றன. வயலில் நன்மையாகும் இவ்வியல்பு வீதியில் இடராகலாம்.

பெட்டி பூட்டப்படும் இடம் பின்னச்சுக்குப் பின்னால் 60 சதமமீற்றரில் உள்ளது எனக் கொள்வோம். வளைவில் அவ்விடத்தைப் பெட்டி பக்கவாட்டில் தள்ளினால், இயந்திரம் சுழலாதபடி முன்சில்லுகள் தடுக்கவேண்டும். அச்சுகளுக்கிடையே 300 சதமமீற்றர் இருப்பின், தள்ளும் விசையில் ஐந்திலொரு பங்கை முன்சில்லுகள் தாங்கினாற் போதும். 180 சதமமீற்றர் மட்டும் இருப்பின் மூன்றிலொரு பங்கைத் தாங்கவேண்டும். முன்சில்லுகள் வழுக்கினால் இயந்திரமும் பெட்டியும் மடக்குக்கத்திபோல் மடிந்துவிடும். இடையிலே சாரதி அகப்படுவார்.

2. பாரம் ஏற்றும் முறை

இரு சில்லுப் பெட்டி ஒரு தராசினை ஒத்தது. அச்சுக்கு முன்னாலுள்ள பாரம் பூட்டுமிடத்தை அழுத்தும். பின்னாலுள்ள பாரம் அதனை உயர்த்தும்.

உதாரணமாக, 60 கிலோகிராம் கொண்ட 25 மூடைகளின் மொத்த நிறை 1,500 கிலோகிராம். பெட்டியின் அச்சுக்கும் பூட்டுமிடத்துக்கும் உள்ள தூரம் 250 சதமமீற்றர் எனக் கொள்க. பாரத்தின் நடு அச்சுக்கு 25 சதமமீற்றர் முன்னால் அமையின், பூட்டுமிடத்தில் 150 கிலோகிராம் அழுத்தும். அதே மூடைகளை 25 சதமமீற்றர் பின்னால் அமையுமாறு அடுக்கினால், அதே 150 கிலோகிராம் இயந்திரத்தின் பின்புறத்தை மேலே தூக்கும். அப்போது பின்சில்லுகளின் பிடி குறைந்துவிடும். இரு சில்லால் ஓடும் நாற்சில்லு இயந்திரத்தின் பிரேக்கு பின்சில்லுகளிலேயே அமைந்துள்ளமையால், இழுக்கும் வலுவோடு நிறுத்தும் வலுவும் குறையும். பெட்டியும் வால்போல் ஆடத் தொடங்கும்.

ஆகவே பாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாதது பூட்டுமிடத்தில் அமையுமாறு மூடைகளை அடுக்குதல் நன்று. அளவுக்கு மிஞ்சி முன்னால் ஏற்றலும் ஆகாது. முன்சில்லுகள் இலேசாகித் திருப்பம் தவறும். இயந்திரத்தின் கைந்நூலிற் குறித்த எல்லையை மீறலாகாது.

பாரத்தை இறக்கும்போது பின்னாலுள்ள மூடைகளை முதலில் இறக்கவேண்டும். முன்மூடைகளை முதலில் எடுத்தால் பெட்டி பின்பக்கம் சாய்ந்து, அதன் முன்தண்டு திடீரென மேலெழும். வைக்கோலை உயரமாக அடுக்குவோர், பாரம் உயர உயரப் பெட்டி சரிவில் எளிதில் கவிழும் என்பதை மறத்தலாகாது.

3. பூட்டும் முறை

பெட்டியைப் பின்னச்சின் மட்டத்துக்குக் கீழே, அதற்கென அமைந்த இழுதண்டிலே பூட்டவேண்டும். உயரமான இடத்திற் பூட்டினால், மேட்டில் ஏறும்போது இயந்திரத்தின் முன்பாகம் எழும்பிப் பின்னோக்கிக் கவிழக்கூடும். பூட்டும் ஆணி உரிய பருமனுடையதாயும், கீழே கழராத பூட்டூசி உடையதாயும் இருத்தல் வேண்டும். பழைய இரும்புக் கம்பியை ஆணிக்குப் பதிலாக இடுதல் பெருந்தவறு. ஆணி முறியினும் பெட்டி பிரியாதவாறு உறுதியான சங்கிலியொன்றையும் இணைத்துக்கொள்க.

இயந்திரம் பின்னோக்கி வரும்போது அதற்கும் பெட்டிக்கும் இடையில் எவரும் நிற்கலாகாது. இயந்திரம் நின்று, கைப்பிரேக்குப் போட்ட பின்னரே ஆணியை இடவேண்டும்.

4. வேகமும் பிரேக்கும்

உழும்போது இடப் பின்சில்லையும் வலப் பின்சில்லையும் தனித்தனியே நிறுத்துவதற்காக இரண்டு பிரேக்கு மிதிகள் உள்ளன. வீதிக்கு ஏறுமுன் அவ்விரண்டையும் ஒன்றாகப் பூட்டுதல் கட்டாயம். ஒரு மிதி மட்டும் அழுத்தப்படின் இயந்திரம் அப்பக்கம் சடுதியாகத் திரும்பும். பின்னால் வரும் பாரம் அதனைக் கவிழ்த்துவிடும்.

வேகம் இரு மடங்காயின், நிறுத்துவதற்கு வேண்டிய பிரேக்குத் தூரம் நான்கு மடங்காகும். பெட்டிக்குப் பிரேக்கு இல்லையாயின், பெட்டியும் பாரமும் சேர்ந்த நிறை உழவு இயந்திரத்தின் நிறையை மிஞ்சாதிருத்தல் நன்று. மிஞ்சும் பாரத்தை இரு தடவையாகக் கொண்டுசெல்லலாம். எரிபொருட் செலவு சிறிது கூடினும் உயிருக்கு இழப்பில்லை.

5. இறக்கமும் ஏற்றமும்

குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவு, மதகின் மறுபக்கம், வீதியிலிருந்து வயலுக்கு இறங்கும் வழி ஆகியன குறுகியனவாயினும் இடர் நிறைந்தவை. இறங்கத் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றவேண்டும். இறக்கத்தின் நடுவில் கிளச்சை மிதித்தலும் கியரை விடுவித்தலும் ஆகா. அப்போது பாரத்தைப் பிடித்துவைக்கும் எஞ்சினின் வலு அற்றுப்போக, பெட்டி இயந்திரத்தை உருட்டிச் செல்லும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்க. வளைவினுள் பிரேக்கைச் சடுதியாக மிதித்தலாகாது.

6. இரு சில்லு உழவு இயந்திரத்துக்கு எச்சரிக்கை

இரு சில்லு உழவு இயந்திரத்தில் இடக்கைப் பிடியிலுள்ள திருப்பு நெம்பை அழுத்தினால் இடச்சில்லு எஞ்சினிலிருந்து விடுபடும். சமதரையில் வலச்சில்லு மட்டும் இழுப்பதால் இயந்திரம் இடப்புறம் திரும்பும். இறக்கத்திலோ, விடுபட்ட இடச்சில்லு தடையின்றி உருள, வலச்சில்லை எஞ்சின் பிடித்துவைக்கும். அதனால் இயந்திரம் வலப்புறம் திரும்பும். இதனை அறியாதார் வாய்க்காலைத் தவிர்க்க முயன்று வாய்க்காலுக்குள்ளேயே விழுவர். இறக்கத்தில் இந்நெம்புகளைத் தொடாது, தாழ்ந்த கியரில், கைப்பிடியினாலேயே மெதுவாகத் திருப்புதல் வேண்டும். பெட்டியின் காற்பிரேக்கும் செவ்வனே வேலைசெய்தல் வேண்டும்.

7. ஆட்களை ஏற்றுதலும் வெள்ளத்தைக் கடத்தலும்

பெட்டி பாரம் காவுவதற்கானது. மூடைகளின் மேலும், முன்தண்டின் மேலும், சில்லுக் காப்பின் மேலும் எவரையும் இருத்தலாகாது. சிறுவரை ஒருபோதும் ஏற்றலாகாது. பாயும் நீர் பெட்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஆழம் கூடின் அதனை மிதக்கவும் செய்யும். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளிப் பகுதியில், வெள்ளம் பாய்ந்த வீதியிற் சென்ற உழவு இயந்திரம் அகப்பட்டு, பெட்டியிலிருந்த மாணவர்கள் பலர் உயிரிழந்தனர். உயரமான சில்லுடைய இயந்திரம் எந்நீரையும் கடக்கும் என்ற நம்பிக்கை தவறானது. வீதியின் விளிம்பு தெரியாதவிடத்து நீர் வடியும்வரை காத்திருத்தலே அறிவு.

புறப்படுமுன் பார்க்கவேண்டியவை

(அ) பாரத்தின் நடு அச்சுக்குச் சற்று முன்னால் உள்ளதா?
(ஆ) ஆணி, பூட்டூசி, சங்கிலி ஆகியன உறுதியாய் உள்ளனவா?
(இ) இரு பிரேக்கு மிதிகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டனவா?
(ஈ) பெட்டியின் இரு தயர்களிலும் காற்று ஒரே அளவினதா?
(உ) கயிறு இறுக்கமாய் உள்ளதா?
(ஊ) பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிதெறிப்பான்களும் சேறின்றித் தெளிவாய் உள்ளனவா?

இவற்றைப் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே வேண்டும். ஒரு போகம் முழுவதும் உழைத்துப் பெற்ற நெல்லும், அதனை விளைவித்த கமக்காரரும் ஒருங்கே வீடு சேர்வதற்கு அச்சில நிமிடங்களைச் செலவிடுதல் ஒவ்வொருவரதும் கடமையாகும்.