மரத்தூளும் குழாயும்: ஒரு வீட்டுப் பட்டறைக் கணக்கு

பாய்மங்களின் இயக்கம் பற்றிய பாடத்தில் தொடர்ச்சிச் சமன்பாடு என்ற ஒன்றை நாம் படித்திருக்கிறோம். குழாயின் குறுக்குப் பரப்பையும் அதில் ஓடும் பாய்மத்தின் திசைவேகத்தையும் பெருக்கி வரும் தொகை, அக்குழாயின் எவ்விடத்திலும் மாறாது என்பதே அது. இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டுமே அதை நான் அறிந்திருந்தேன். வீட்டின் பின்கட்டில் என் தந்தையார் வைத்திருக்கும் தச்சுப் பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் குழாய் அமைக்கப் புகுந்து, இருமுறை தோற்ற பின்னரே அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

பட்டறை பெரிதன்று. வட்ட ரம்பம் ஒன்று, இழைப்பு எந்திரம் ஒன்று, பட்டை ரம்பம் ஒன்று, கையால் பிடித்துத் தேய்க்கும் எந்திரம் ஒன்று, அவ்வளவே. முப்பது ஆண்டுகளாக அதில் தேக்கும் வேங்கையும் அறுபடுகின்றன. மாலையில் தந்தையாரின் புருவமும் மீசையும் மஞ்சள் பூத்திருக்கும். சிறுவயதில் அது எங்களுக்கு வேடிக்கை. கடந்த சில ஆண்டுகளாக இரவில் அவர் இருமுவது வேடிக்கையாக இல்லை. மருத்துவர் மார்பைச் சோதித்துவிட்டு முதலில் கேட்டது அவருடைய தொழிலைத்தான்.

கண்ணுக்குத் தெரியும் தூள் அவ்வளவு தீங்கு செய்வதில்லை. சிராயும் சுருளும் தரையில் விழும், பெருக்கி அள்ளலாம். தீங்கு செய்வது தெரியாத தூள். ஸ்டோக்ஸ் விதியைக் கொண்டு நான் போட்ட கணக்கு இது: நீரின் அடர்த்தியுடைய 10 மைக்ரான் விட்டத் துகள் ஒன்று அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் இறங்கச் சுமார் 8 நிமிடம் ஆகிறது. 5 மைக்ரான் துகளுக்கு அரை மணிக்கு மேல். 2 மைக்ரான் துகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். இது காற்று அசையாமல் இருந்தால். நம் பட்டறைகளிலோ தலைக்கு மேல் மின்விசிறி சுழல்கிறது! எந்திரத்தை நிறுத்திவிட்டுத் திண்ணையில் தேநீர் அருந்தித் திரும்பி வருகிறவர், தாம் காலையில் அறுத்த மரத்தையே மீண்டும் சுவாசிக்கிறார்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்குக் காது மூக்குத் தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற அம்மையார், அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் மரத்தொழிலாளரிடம் மிகுதியாகக் காணப்படுவதைக் கவனித்தார். அவரும் அச்சிசன் முதலிய ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1968-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் மரத்தூளைச் சேர்த்தது. இதை நான் வீட்டில் சொன்னபோது தந்தையார், "சன்னல் பெரிசாத்தானேப்பா இருக்கு" என்றார். அம்மா, "அவன் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றதால் புளோயர் வாங்கப்பட்டது.

3 குதிரைத் திறன் மோட்டார், துணிப்பை ஒன்று. முழுதும் அடைத்த நிலையில் 8 அங்குல நீர்மட்ட அளவு உறிஞ்சழுத்தம் தரும் என்று சீட்டில் போட்டிருந்தது. குழாய்க்குக் கழிவுநீருக்குப் போடும் 4 அங்குலப் பி.வி.சி. பைப்பை எடுத்தோம். இழைப்பு எந்திரத்திலிருந்து புளோயர் வரை 30 அடி. வழியில் கூரிய எல்போ நான்கு, டீ இணைப்பு ஒன்று. இரண்டாம் நாளே செங்குத்துக் குழாயில் சுருள்கள் அடைத்துக்கொண்டன.

அடைத்தது எங்களுக்கு உடனே தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழாய் அடைத்தால் மோட்டார் திணறும் என்று எண்ணியிருந்தோம். மாறாக அது லேசாக, இனிமையாக ஓடிற்று. இவ்வகைப் புளோயர் தள்ளும் காற்றுக் குறையக் குறைய அதன் வேலையும் குறைகிறது, மின்னோட்டமும் குறைகிறது. மோட்டாரின் ஓசையைக் கேட்டு நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

"குழாய் சின்னது, பெரிசாப் போடுவோம்" என்றார் தந்தையார். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. ஏனெனில் ஒரே அளவு காற்றை அனுப்பும்போது குழாயின் உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் அமையும். 4 அங்குலத்தை 6 அங்குலமாக்கினால் இழப்பு ஏறத்தாழ ஏழரையில் ஒரு பங்காகிவிடும். அதே வழியில், அதே எல்போக்களுடன் 6 அங்குலக் குழாய் மாட்டினோம். ஒரு வாரம் கழித்துக் குழாயை ஸ்பேனரால் தட்டிப் பார்த்தேன். கணீரென்று ஒலிக்க வேண்டியது மொத்தென்று ஒலித்தது. கழற்றியபோது குழாயின் அடிப்பாதி முழுதும் தூள் படிந்து கிடந்தது.

இங்கேதான் அந்த இரண்டு மதிப்பெண் வினா வந்து நின்றது. மரத்தூளையும் சுருளையும் குழாயில் படியவிடாமல் இழுத்துச் செல்ல, காற்று நிமிடத்துக்குச் சுமார் 4000 அடி, அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்பது இத்துறையினர் கொள்ளும் அளவு. 4 அங்குலக் குழாயில் இவ்வேகம் பெற நிமிடத்துக்கு 350 கன அடிக் காற்றுப் போதும். 6 அங்குலக் குழாயிலோ 785 கன அடி வேண்டும். எங்கள் இழைப்பு எந்திரத்தின் தூள்வாய் 4 அங்குலமே. அந்தச் சிறு வாய் வழியாக அவ்வளவு காற்று எப்படி நுழையும்? 350 கன அடி மட்டும் நுழைந்தால் 6 அங்குலக் குழாயில் வேகம் 1800 அடிக்கும் கீழே போய்விடும். சிறிய குழாய் காற்றை மறித்தது. பெரிய குழாய் தூளைக் கீழே போட்டது.

எனவே குழாய் வாங்குமுன் வழியை வரைய வேண்டும். 4000 அடி வேகத்தில் ஓடும் காற்றின் இயக்க அழுத்தம் ஏறத்தாழ ஓர் அங்குல நீர்மட்டத்துக்குச் சமம். இதை ஒரு நாணயமாக வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகிறது. வழவழப்பான 4 அங்குலக் குழாயில் சுமார் 15 அடிக்கு ஒரு நாணயம் செலவு. 6 அங்குலத்தில் சுமார் 25 அடிக்கு ஒன்று. கூரிய எல்போ ஒவ்வொன்றும் ஒரு நாணயத்துக்குச் சற்று அதிகமாகவே விழுங்கும். அகலமாக வளைந்த பெண்டு அதில் நாலில் ஒரு பங்கோடு விட்டுவிடும். மடிப்புக் குழாய், அதே நீள வழவழப்பான குழாயைப்போல் இரு மடங்குக்கும் மேல் கேட்கும். எங்கள் முதல் அமைப்பைக் கூட்டிப் பார்த்தேன்: நீளத்துக்கு 2, எல்போவுக்கு 5, டீக்கும் நுழைவாய்க்கும் 2. ஆக 9. கையிருப்போ 8, அதுவும் காற்றே ஓடாதபோது கிடைப்பது!

மூன்றாம் முறை புளோயரையே நகர்த்தினோம். இழைப்பு எந்திரத்தைச் சுவரோரம் தள்ளினோம். நீளம் 11 அடியாயிற்று. கூரிய திருப்பத்துக்குப் பதிலாக 45 பாகைப் பெண்டு இரண்டு, இடையில் சிறு நேர்க்குழாய். டீ இருந்த இடத்தில் காற்றோட்டத்தின் போக்கிலேயே சாய்ந்து சேரும் ஒய் இணைப்பு. எந்திரத்தின் தூள்வாயை வெட்டி 6 அங்குலமாக்கினோம். வாங்கிய எந்திரத்தை வெட்டத் தந்தையாருக்கு மனம் வரவில்லை, இரண்டு நாள் யோசித்தார். குழாயைத் துத்தநாகத் தகட்டில் செய்வித்து நில இணைப்புக் கம்பி கொடுத்தோம். பி.வி.சி. மின்கடத்தாப் பொருள், தூள் உரசி ஓடும்போது அதில் நிலைமின்னேற்றம் சேரும். குழாயைத் தொட்ட என் தங்கை அதற்கு முன்பே சாட்சி சொல்லியிருந்தாள்.

ஆலைகளில் எல்லா எந்திரங்களும் ஒருசேர ஓடுவதால், கிளைகள் சேரச் சேரத் தாய்க்குழாய் பருத்துக்கொண்டே போக வேண்டும். வீட்டுப் பட்டறையில் வேலை செய்பவர் ஒருவர்; ஓடும் எந்திரமும் ஒன்று. எனவே தாய்க்குழாயும் கிளையும் ஒரே விட்டத்தில் இருக்கலாம்; கிளைதோறும் ஒரு தகட்டுக் கதவு வைத்து, ஓடும் எந்திரத்தின் கதவை மட்டும் திறந்தால் போதும். பட்டை ரம்பத்தின் வாய் 4 அங்குலமாகவே இருக்கிறது. அதை ஓட்டும்போது கோடியிலுள்ள வேறொரு கதவையும் சிறிது திறந்து, தாய்க்குழாய்க்கு வேண்டிய காற்றை ஈடுசெய்கிறோம்.

வெளியேற்றத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. குளிர்நாடுகளில் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை வெளியே விட மனம் வராமல், விலையுயர்ந்த வடிகட்டி வழியே மீண்டும் அறைக்குள் விடுகிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. துணிப்பையை எடுத்துவிட்டுச் சைக்ளோன் கூம்பு ஒன்று செய்வித்தோம். பருந்தூள் அடியிலுள்ள பீப்பாயில் விழ, மிச்சக் காற்று கூரைக்கு மேலே, அண்டை வீட்டாரின் துணிக்கொடிக்கு எதிர்ப்புறமாக வெளியேறுகிறது. வெளியேறும் அளவு காற்று உள்ளே வரச் சன்னல் திறந்திருக்க வேண்டும். ஆக, தந்தையாரின் பெரிய சன்னலுக்கும் வேலை கிடைத்தது.

அளந்து பார்க்கக் கருவி வாங்கவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிவான டியூபில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்றை எதிர்நோக்கி வளைத்த சிறு செப்புக் குழாயிலும், மறுமுனையைக் குழாய்ச் சுவரிலிட்ட துளையிலும் பொருத்தினேன். முதல் அமைப்பில் மட்ட வேறுபாடு எவ்வளவு இருந்திருக்குமோ தெரியாது. இப்போது 26 மில்லிமீட்டர் காட்டிற்று. 25 இருந்தாலே விநாடிக்கு 20 மீட்டர் ஆகிறது. தந்தையார் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "தண்ணி சொல்லுது, சரிதான்" என்றார்.

தேய்ப்பு எந்திரம்தான் மீதி. மிக நுண்ணிய தூள் அதிலிருந்தே வருகிறது. குழாயை அருகில் வைத்தால் மட்டும் போதாது. அகல்விளக்கைக் கை நீளத் தூரத்திலிருந்து ஊதி அணைக்கலாம். அங்கிருந்தே காற்றை உறிஞ்சி அணைக்க முடியுமா? உறிஞ்சும் குழாய் வாயிலிருந்து ஒரு விட்டத் தூரம் தள்ளினாலே காற்றின் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. ஆகையால் அந்த வேலையை அடிப்புறமிருந்து உறிஞ்சும் துளைப்பலகை மேசை ஒன்றின்மேல் வைத்தே செய்ய எண்ணியிருக்கிறோம். பலகையில் துளைகளைக் குறித்தாயிற்று. அதுவரை அவர் முகமூடி கட்டிக்கொண்டு, அந்த வேலையை மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் செய்கிறார்.