கையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரும் ஒரு 33 ஓம் ரெசிஸ்டரும்

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன் பிரிவு)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது ரோபோ, செயற்கை நுண்ணறிவு, செயற்கைக்கோள் என்று பெரிய பெரிய தலைப்புகளை எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சமாவது தெரிந்தது ஹெட்போன்தான். அதுவும் கொஞ்சம் சங்கடமான வழியில் தெரிந்துகொண்டது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

2016-ல் வந்த ஐபோன் 7-ல் 3.5 மி.மீ. ஜாக் இல்லை. பின்னர் வேறு பல கம்பெனிகளும் அதை எடுத்துவிட்டன. வயர் உள்ள ஹெட்போன் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் யு.எஸ்.பி. ஓட்டையில் ஒரு குட்டி டாங்கிளைச் சொருகித்தான் பாட்டுக் கேட்கிறோம். பார்ப்பதற்கு வெறும் வயர் மாதிரி இருக்கும். ஆனால் பெரும்பாலான டாங்கிள்களுக்குள் ஒரு ஐ.சி. ஒளிந்திருக்கிறது. போனிலிருந்து வரும் டிஜிட்டல் எண்களை அனலாக் வோல்டேஜாக மாற்றும் கன்வர்ட்டரும், ஹெட்போனை ஓட்டும் சிறு ஆம்ப்ளிஃபையரும் அதற்குள்ளேயே அடக்கம். இதே வேலையைத் தனி பேட்டரியோடு, தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய டப்பாவில் செய்வதுதான் போர்ட்டபிள் ஹெட்போன் ஆம்ப்.

ஆடி மாதத் திருவிழாக்களில் மாமாவின் மைக் செட்டோடு போய்ச் சம்பாதித்த காசில், 2,800 ரூபாய்க்கு நான் அப்படி ஒன்று வாங்கினேன். என்னிடம் ஏற்கெனவே இருந்த டாங்கிள் 450 ரூபாய். ஆம்ப்பை மாட்டிய முதல் நாளே, "பேஸ் சும்மா இறங்கி அடிக்குதுடா" என்று ஹாஸ்டல் அறைத்தோழனிடம் சொன்னேன். அவனும் கேட்டுப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசில் அவனும் அதே ஆம்ப்பை வாங்கிவிட்டான். மாமா மட்டும் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தமா இருந்தா எல்லாமே நல்லாத்தான்டா இருக்கும்" என்றார். எட்டாவதோடு படிப்பை விட்டவர் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் மினி பிராஜெக்ட் வந்தது. இந்த இரண்டையும் சோதித்துப் பார்ப்பது என்று எழுதிக் கொடுத்தேன். ஆம்ப்தான் ஜெயிக்கும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் தடுமாற்றம் மல்டிமீட்டரில். நம் லேபில் இருக்கும் மஞ்சள் நிற மீட்டரில் ஏ.சி.க்கு 200 வோல்ட், 750 வோல்ட் என்ற இரண்டே ரேஞ்சுகள். ஒரு வோல்ட் சிக்னலை அதில் அளப்பது, லாரி எடைமேடையில் தங்கம் நிறுப்பது போல. போதாததற்கு அந்த வகை மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸ் சுமாருக்குத்தான் சரியாகக் காட்டும். நான் கொடுத்ததோ 1,000 ஹெர்ட்ஸ். ஆகவே டி.எஸ்.ஓ.வுக்குப் போனேன். ஆடாசிட்டி மென்பொருளில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை முழு அளவில் தயார் செய்து, அதை ஓடவிட்டு, ஹெட்போன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 33 ஓம் ரெசிஸ்டரை வைத்து அளந்தேன். கால் வாட் ரெசிஸ்டரே போதும். விலை ஒரு ரூபாய்கூட இல்லை. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான்.

இரண்டாவது தடுமாற்றம் இன்னும் மோசம். டாங்கிளை லேப்டாப்பில் சொருகி அளந்தபோது சைன் அலைமேல் 50 ஹெர்ட்ஸ் அலை ஏறி நெளிந்தது. ஆம்ப்பை என் போனில் சொருகி அளந்தபோது சுத்தமாக இருந்தது. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். 'டாங்கிளில் ஹம் உள்ளது' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியே விட்டேன். அந்தப் பக்கம் வந்த லேப் சார் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப் சார்ஜரை மட்டும் பிளக்கிலிருந்து பிடுங்கினார். ஹம் போய்விட்டது! டி.எஸ்.ஓ. புரோபின் கிரவுண்டு கிளிப் உள்ளே மெயின்ஸ் எர்த்தோடு இணைந்திருக்கும். லேப்டாப்பும் மூன்று பின் சார்ஜர் வழியாக அதே எர்த்தில் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. அந்த ஹம் டாங்கிளில் இல்லை, என் வயரிங்கில் இருந்தது. ரெக்கார்டில் எழுதியதை அடித்துவிட்டு, இனி இரண்டையும் ஒரே போனில்தான் அளப்பது என்று முடிவு செய்தேன்.

இனி அளவுகள். டாங்கிள் லோடு இல்லாமல் 2.80 வோல்ட் பீக் டு பீக் கொடுத்தது. 33 ஓம் வைத்ததும் 2.72. ஆம்ப்பில் சத்தத்தை முழுதாக வைத்து லோடு கொடுத்தால் அலையின் மேல் கீழ் முனைகள் கத்தியால் சீவியது போல் தட்டையாயின. இதுதான் கிளிப்பிங். இந்த நிலையில் எடுக்கும் கணக்கு எதுவும் செல்லாது. ஆகவே முனை மறுபடி உருண்டையாகும் வரை சத்தத்தைக் குறைத்தேன். அப்போது லோடு இல்லாமல் 5.66, லோடோடு 4.34.

இதிலிருந்து அவுட்புட் இம்பிடன்ஸ் கண்டுபிடிக்கலாம். லோடு இல்லாத வோல்டேஜிலிருந்து லோடுள்ள வோல்டேஜைக் கழித்து, வந்ததை லோடுள்ள வோல்டேஜால் வகுத்து, 33-ஆல் பெருக்க வேண்டும். டாங்கிளுக்குச் சுமார் 1 ஓம் வந்தது. ஆம்ப்புக்கு 10 ஓம்! கணக்கில் தப்பு என்று நினைத்து மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் பத்துதான்.

பத்து ஓம் இருந்தால் என்ன குடியா முழுகிப்போகும் என்று நீங்கள் கேட்கலாம். 2011-ல் என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் ஒரு பொறியாளர், ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்பின் சர்க்யூட்டை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டார். (2012-க்குப் பிறகு அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். தன் பெயரைக் கடைசிவரை சொல்லவும் இல்லை.) அவர் வலியுறுத்திய விதி இது: ஆம்ப்பின் இம்பிடன்ஸ் ஹெட்போனின் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 32 ஓம் ஹெட்போன் என்றால் 4 ஓம்.

காரணம் நாம் இரண்டாவது செமஸ்டரில் படித்த வோல்டேஜ் டிவைடரேதான். ஹெட்போன் மேல் 32 ஓம் என்று அச்சடித்திருந்தாலும் எல்லா அதிர்வெண்ணிலும் அது 32 ஆக இருப்பதில்லை. ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து என் ஹெட்போனை அளந்தேன். 1 கிலோஹெர்ட்ஸில் 33 ஓம், 90 ஹெர்ட்ஸ் அருகில் 58 ஓம். டாங்கிளின் 1 ஓமோடு கணக்குப் போட்டால் 90 ஹெர்ட்ஸ் வெறும் 0.1 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். ஆம்ப்பின் 10 ஓமோடு போட்டால் 0.9 டெசிபல். 'இறங்கி அடிச்ச பேஸ்' கொஞ்சம் இங்கிருந்து வந்திருக்கிறது. பாட்டில் இல்லாததை ஆம்ப் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

மீதி எங்கிருந்து வந்தது? 4.34-ஐ 2.72-ஆல் வகுத்து டெசிபலாக்கினால் 4. அதாவது டாங்கிளை விட 4 டெசிபல் சத்தம் அதிகம். மில்லிவாட்டில் 28-க்கு 71. மாமா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

ஆம்ப் பெட்டிமேல் '120 டெசிபல்' என்று ஒரு எண் பெரிதாகப் போட்டிருந்தது. அதைச் சரிபார்க்க நம் டி.எஸ்.ஓ.வால் ஆகாது. அது 8 பிட் கருவி, 256 படிகள்தான். பிட் எண்ணிக்கையை 6.02-ஆல் பெருக்கி 1.76 கூட்டினால் கிட்டத்தட்ட 50 டெசிபல் வரும், அதுதான் அதன் எல்லை. (சி.டி.யின் 16 பிட்டுக்கு 98.) ஆடியோ பிரிசிஷன் போன்ற கம்பெனிகளின் அனலைசர்கள் இதை அளக்கும், ஆனால் அவற்றின் விலை பல லட்சம். டிஸ்டார்ஷனை மட்டும் கம்ப்யூட்டரின் லைன் இன் வழியாக ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளில் பார்த்தேன். முதலில் சவுண்டு கார்டின் அவுட்டை அதன் இன்னுக்கே கொடுத்து அதன் சொந்தக் குறையை அளக்க வேண்டும்: 0.005 சதவீதம். டாங்கிள் 0.007, ஆம்ப் 0.02. இரண்டுமே காதுக்குத் தெரியாத அளவுதான். இதில் ஆம்ப்பைக் குறை சொல்ல மாட்டேன்.

கடைசியாகக் காது சோதனை. அறைத்தோழன் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்து அறை நண்பன் காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஆம்ப், தலை விழுந்தால் டாங்கிள் என்று சொருகினான். நான் வெளியே நின்றேன். விடை தெரிந்தவன் உள்ளே நின்றால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். சத்தத்தைச் சரிசெய்யாமல் வைத்தபோது 16-க்கு 15 முறை ஆம்ப் எது என்று சரியாகச் சொன்னான். பிறகு ஆடாசிட்டியில் பாட்டின் அளவைக் கூட்டிக் குறைத்து, இரண்டின் சத்தமும் 0.1 டெசிபலுக்குள் வரும்படி செய்தேன். இப்போது 16-க்கு 9. சும்மா ஊகித்தாலே 8 வரும். 12-க்கு மேல் வந்திருந்தால் உண்மையிலேயே கேட்டான் என்று நம்பலாம். ஊகத்தில் அப்படி வர நூற்றில் நான்கு வாய்ப்புகூட இல்லை. பேஸ் அதிகமான பாட்டாகப் போட்டு இன்னும் பல முறை செய்திருந்தால் அந்த 0.9 டெசிபல் பிடிபட்டிருக்கலாம். மெஸ் மணி அடித்துவிட்டது.

ஆம்ப் வீண் என்று சொல்ல வரவில்லை. சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்கு வோல்டேஜ் அதிகம் வேண்டும். அங்கே 10 ஓம் ஒரு பொருட்டும் ஆகாது. மைக் செட் மிக்ஸரின் லைன் இன்புட் பல ஆயிரம் ஓம், அங்கேயும் அப்படியே. என் ஆம்ப் இப்போது மாமாவின் மிக்ஸர் பெட்டியில் இருக்கிறது. ஆனால் எங்கள் இருவரிடமும் இருந்தது 32 ஓம் ஹெட்போன்.

அறைத்தோழனிடம் நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "வாங்குறதுக்கு முன்னாடி அளந்திருந்தா எனக்கு ரெண்டாயிரத்தி எண்ணூறு மிச்சம்டா" என்றான். திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்திருந்தது. அந்த மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பதிலாக நான் பந்தி பரிமாறப் போனேன். கூலியை அவன் வாங்கிக்கொண்டான்.