முதற்சுழற்சி

தஞ்சை வளநாடு தமிழகத்தின் நெற்களஞ்சியம் எனப் போற்றப்படுவது. 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்குத் திறப்பது மரபு. நீர்வரத்துக் குன்றிய ஆண்டுகளில் அணை திறப்பது தாழும். அக்காலங்களில் குறுவை நாற்றுகள் பலவற்றைக் காத்தவை குழாய்க்கிணற்றருகே நின்ற டீசல் எஞ்சின்களேயாம். நாற்று வாடும் வேளையில் எஞ்சின் புறப்பட மறுத்தால் உழவன் யாது செய்வான்? அதன் இயல்பை அறிந்தவனே அதனை இயக்க வல்லவன்.

ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் அமைத்த எஞ்சின் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் இயங்கிற்று. அதற்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. உருளைக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கி அழுத்த, அக்காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறும். அதிற் பீச்சப்படும் எண்ணெய் தானே தீப்பற்றும்.

காற்றை ஏற்றல், அழுத்தல், எரிந்து தள்ளல், புகையை நீக்கல் என அதன் தொழில் நான்கு. இவற்றிற்கு வாயில் காப்பவை வால்வுகள். தண்டொன்றில் அமைந்த புடைப்புச் சக்கரங்கள் அவற்றை உரிய காலத்தில் திறக்கின்றன, வில்சுருள்கள் மூடுகின்றன. எஞ்சின் இருமுறை சுழல, அத்தண்டு ஒருமுறை சுழலும்.

எனினும், முதற்சுழற்சியை எஞ்சின் தானே பெறாது. உழவன் சிறு நெம்புகோலால் வால்வைச் சற்றே திறந்து வைத்துக் கைப்பிடியைச் சுழற்றுவான். அழுத்தம் இன்மையால் கனத்த சக்கரம் எளிதிற் சுழலும். விரைவு மிக்கதும் நெம்புகோலை விடுப்பான். வால்வு மூடும், காற்று சூடேறும், எஞ்சின் முழங்கும்.

வயலின் சிற்றெஞ்சினுக்குக் கைவலிமை போதும். கடலோடும் கப்பலின் பேரெஞ்சினுக்கு அது போதுமோ? 1912இல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்கு நோக்கிச் சென்ற 'செலாண்டியா' போன்ற பழைய டீசல் கப்பல்களில் இரும்புக் கலங்களில் அடைத்த அழுத்தக் காற்றே கைப்பிடியின் வேலையைச் செய்தது. கீழிறங்கத் தொடங்கும் பிஸ்டனின் மேல், தொடக்க வால்வு அக்காற்றை முறைப்படி செலுத்தும். எஞ்சின் சில சுற்றுச் சுழன்றதும் காற்று நின்று எண்ணெய் புகும்.

கப்பல் பின்னோக்கிச் செல்லவேண்டின், எஞ்சினை நிறுத்தி, புடைப்புத் தண்டைப் பக்கவாட்டில் நகர்த்துவர். அதிலுள்ள மற்றொரு தொகுதிச் சக்கரங்கள் வால்வுகளுக்கு நேராக வந்து நிற்கும். மீண்டும் காற்றைச் செலுத்த, எஞ்சின் எதிர்த்திசையிற் சுழலும்.

வயலாயினும் கடலாயினும் நியதி ஒன்றே. வால்வு காலந்தவறித் திறப்பின் பேராற்றலும் வீணாம். முதற்சுழற்சிக்கு உதவி இன்றேல் அவ்வாற்றல் துயிலெழாது. மாணவர்க்கும் இது பொருந்துமன்றோ?