காலி டேங்க்தான் ஆபத்து

நாகூர்க்காரர்களுக்குக் கழுத்து வரை பெட்ரோல் நிரப்புகிற பழக்கம் உண்டு. வாஞ்சூரைத் தாண்டினால் காரைக்கால். புதுச்சேரி அரசின் வரி குறைவு என்பதால் அங்கே பெட்ரோல் விலையும் குறைவு. திருமலைராயன்பட்டினம் பக்கம் ஏதாவது வேலை இருந்தால், டேங்க் பாதி இருக்கும்போதே போய் நிரப்பிக்கொண்டு வந்துவிடுவோம். வாப்பா ஓட்டிய பெட்ரோல் அம்பாசடரில் கசிவு இருப்பதை இந்தப் பழக்கம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. நிரப்பிய அன்று வாசல் முழுக்க வாடை அடிக்கும். கொஞ்சம் ஓடி எண்ணெய் இறங்கியதும் வாடை நின்றுவிடும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் குறிப்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நிரப்பியதும் மட்டும் ஒழுகினால் கோளாறு டேங்கின் மேல்பாகத்தில் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயின் ரப்பர், அதன் கிளிப், மிதவை இறங்கும் துளையின் வாஷர், மேல்தகடும் கீழ்தகடும் சேரும் விளிம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எப்போதும் ஒழுகினால் அடித்தகட்டில் துரு ஓட்டை போட்டிருக்கும், அல்லது அடியிலுள்ள டிரெயின் நட்டின் வாஷர் போயிருக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் ஒழுகினால் டேங்கை விட்டுவிடுங்கள். பம்பையும் அதற்குப் போகும் குழாயையும் பாருங்கள். டேங்க் மூடியில் காற்றுத் துளை உள்ள வண்டிகளில் அந்தத் துளை அடைத்துக்கொண்டாலும் வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் கசியும்.

சொட்டு விழுகிற இடம் கசிகிற இடமாக இருக்காது. பெட்ரோல் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, தாழ்வான மூலைக்கு வந்துதான் சொட்டும். சாக்பீஸைப் பொடித்து, சந்தேகமான விளிம்பு முழுக்கத் தடவி வையுங்கள். ஈரம் முதலில் எங்கே கறுக்கிறதோ அங்கேதான் கசிவு. எனக்குக் கழுத்துக் குழாயின் ரப்பர்தான் முதலில் கறுத்தது. விரலால் மடக்கியதும் குறுக்கே வெடிப்பு வெடிப்பாக விரிந்தது. இதில் எத்தனாலுக்கும் பங்கு உண்டு. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. அம்பாசடர் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மாற்றும்போது சாதாரணத் தண்ணீர்க் குழாயை வெட்டிப் போடாதீர்கள். எத்தனால் தாங்கும் எரிபொருள் குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

ரப்பரை மாற்றியதும் வாடை நின்றது. அடுத்த மழைக்காலம் முடிந்து மறுபடி வந்தபோது டேங்க் நிறைந்திருக்கவில்லை. அடித்தகடு போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது.

எங்கள் ஊரில் டேங்க் இரண்டு பக்கமிருந்தும் அரிக்கப்படுகிறது. வெளிப்பக்கம் கடல் உப்பு. சில்லடிக் கடற்கரைக்குப் போய் வரும் வண்டிகளின் அடியில் மணலும் உப்பீரமும் ஏறிக்கொள்கின்றன. டேங்கைத் தாங்கும் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்திருக்கும் கம்பளித் துண்டு அந்த ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். பெரும்பாலான டேங்குகள் பட்டைக்கு அடியிலேதான் முதலில் ஓட்டையாகின்றன. உள்பக்கம் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும்போது, பாதி காலியான டேங்கின் உள்சுவரில் நீர் கோத்து வடியும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அது அடியில் போய்த் தங்கும். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் நிற்கும். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு இதுதான் பெரிய கேடு.

கசிவு என்று தெரிந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். பெட்ரோலிலிருந்து தீப்பிடிக்கும் ஆவி எழுவதற்கு வெயிலே வேண்டாம். பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழே போனாலும் எழும். நம் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. திண்ணைக்கு அடுத்து நடை, நடைக்கு அடுத்து கூடம், பின்னால் அடுப்படியும் சிலிண்டரும். மஃரிப் நேரத்தில் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுகிற வழக்கம் வேறு. வாசலில் ஒழுகும் ஆவி அந்தக் கங்கு வரைக்கும் வந்து சேரும். கந்தூரி நாட்களில் தெருவில் இருக்கும் கூட்டத்தையும் சமையலடுப்புகளையும் வாணவேடிக்கையையும் சொல்லவே வேண்டாம்.

வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆட்களைக் கூப்பிட்டு, கையால் தள்ளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். சாக்கடை மேல் நிறுத்தக் கூடாது. ஆவி சாக்கடை வழியே அடுத்த வீட்டுக்குப் போகும். நிறுத்தி, டிக்கியைத் திறந்து ஆவி கலைந்த பிறகு பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள். மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் பிடிக்கும் குண்டு பல்பு விளக்கு வேண்டவே வேண்டாம். பல்பு உடைந்தால் அந்த இழையே தீக்குச்சி. பகல் வெளிச்சத்தில் வேலை பார்ப்பதே நல்லது. உலர்பொடி அணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள், தண்ணீர் வாளியை நம்பாதீர்கள். பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்தபடியே எரியும்.

ஒழுக்கைத் தற்காலிகமாக நிறுத்த ஒரு பழைய வழி இருக்கிறது. துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியை ஓட்டையில் அழுத்தித் தேய்த்தால் போதும். சவுக்காரம் பெட்ரோலில் கரையாது. சின்ன ஓட்டை என்றால் பட்டறை போய்ச் சேரும்வரை தாங்கும். எம்-சீல் அப்பிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரமான துருவின் மேல் அது பிடிக்காது. பிடித்த மாதிரி தெரிவதுதான் அதன் ஆபத்து.

டேங்கைக் காலி செய்ய வாயில் உறிஞ்சிக் குழாய் போடாதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலும் ஆஸ்பத்திரி வாசம்தான். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வரும் வழியில் அது மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். நேராக மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அம்பாசடரில் அடியில் டிரெயின் நட்டு இருப்பது பெரிய வசதி. பிளாஸ்டிக் வாளியைத் தவிர்த்து இரும்பு கேனில் பிடியுங்கள். கேனையும் வண்டியின் உடம்பையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்துவிட்டுத் திறந்தால் நிலைமின்சாரப் பொறிக்கு இடமில்லை. பிடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது வெட்டாற்றுக்குத்தான் போகும்.

டேங்கைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனதும் எல்லாரும் கேட்கும் வசனத்தை நானும் கேட்டேன். "ஒரு ஸ்பாட் வச்சா போதும் நானா, பத்து நிமிச வேலை. எண்ணெய்தான் இல்லையே." சொன்ன தம்பி கெட்டிக்காரப் பையன். விசைப்படகுகளின் டேங்குகளைப் பற்றவைத்துப் பழகியவன். அவன் கைக்குப் பழக்கமானது டீசல். டீசல் அவ்வளவு சுலபத்தில் ஆவியாகாது. பெட்ரோல் டேங்கை அந்தத் தைரியத்தில் தொடவே கூடாது. வேலையை நிறுத்திவிட்டு, எங்கள் பக்கத்துத் தெரு வெல்டர் அண்ணனைக் கூப்பிட்டேன். பனங்குடியில் 1993-இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையில் ஒப்பந்தக்காரரிடம் பல வருடம் வேலை பார்த்தவர்.

"நெறஞ்ச டேங்கைவிடக் காலி டேங்குதான் தம்பி ஆளை அடிக்கும்" என்றார் அவர். ஆலையில் எந்தத் தொட்டியிலும் நெருப்பு வைக்குமுன் உள்ளே ஆவி இல்லை என்று கருவியால் அளந்து, அனுமதிச் சீட்டில் கையெழுத்தானால்தான் பற்றவைக்கும் கோலைக் கையில் எடுப்பார்களாம். காரணம் எளிது. காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை இருந்தால்தான் வெடிக்கும். நிறைந்த டேங்கில் காற்றுக்கே இடமில்லை. காலி டேங்கில் காற்றும் ஆவியும் சரிவிகிதமாகக் கலந்து நிற்கும். அம்பாசடர் டேங்க் சுமார் 54 லிட்டர் கொள்ளும். அதை வெடிகுண்டாக்க ஒரு தேக்கரண்டி பெட்ரோல் போதும். துருவின் இடுக்கில் அந்த அளவு எப்போதும் ஒளிந்திருக்கும். சூடுபட்டதும் அதுதான் வெளியே வரும். ஒரு நாள் வெயிலில் காயவைத்துவிட்டோம் என்பது கணக்கில் சேராது.

பற்றவைத்தே ஆக வேண்டுமென்றால் அவர் சொன்ன முறை இது. கொதிநீரும் சோப்புத்தூளும் ஊற்றிக் குலுக்கிக் கொட்ட வேண்டும். வாடை துளியும் இல்லாமல் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு ஓட்டை மேல்பக்கம் வருமாறு திருப்பி, ஓட்டைக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மூடி எல்லாம் திறந்திருக்க வேலை செய்ய வேண்டும். உள்ளே ஆவி தங்குவதற்கு இடமே விடக் கூடாது. சின்ன ஓட்டைக்கு ரேடியேட்டர் பட்டறையில் ஈயப்பற்று வைப்பதே போதும். தீ நாக்கு வேண்டாம். தள்ளி இருக்கும் அடுப்பில் காய்ச்சிய செம்புக் கட்டையால் வேலை முடிந்துவிடும். கழுவுவதும் தண்ணீர் நிரப்புவதும் அதற்கும் கட்டாயம்தான்.

இன்னொரு யோசனையும் நாகப்பட்டினம் பக்கம் அடிக்கடி வரும். சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. ரெசினும் கண்ணாடி நார்ப் பாயும் வைத்து ஒட்டத் தெரிந்த கைகளும் பெருகின. டேங்கின் அடியிலும் ஒரு பூச்சுப் போட்டுவிடலாம் என்பார்கள். படகுக்குப் போடும் சாதாரண பாலியெஸ்டர் ரெசின் எத்தனாலுக்குத் தாங்காது. அமெரிக்காவில் 2000-களில் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியபோது, பழைய படகுகளின் ஃபைபர் டேங்குகளில் ரெசின் கரைந்து, எஞ்சின் வால்வுகளில் கறுப்புப் பசையாகப் படிந்து எஞ்சின்களையே கெடுத்தது. கசிவு நிற்காமல் போவதைவிட இது பெரிய செலவு. எரிபொருளுக்கென்றே வரும் எபாக்சி வேறு. அதையும் உரித்துச் சுத்தமாக்கிய தகட்டில் போட்டால்தான் நிற்கும்.

எதைச் செய்யுமுன்னும் ஸ்குரூ டிரைவரின் பிடியால் அடித்தகடு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். என்னுடையது அடி வாங்கிய இடமெல்லாம் பொதபொதவென்று அமுங்கியது. அப்படிப்பட்ட தகட்டில் ஒரு ஓட்டையை அடைப்பது வீண் செலவு. பக்கத்தில் இன்னொன்று தயாராக நிற்கும். பற்றவைக்கும் யோசனையையே விட்டுவிட்டேன். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும், சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் பழைய டேங்க் கிடைக்கிறது. வாங்குமுன் மிதவைத் துளை வழியாக எல்.ஈ.டி. டார்ச் அடித்து அடித்தகட்டைப் பாருங்கள். வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். வாங்கியதைக் கொதிநீரில் கழுவி, துளைகளை அடைத்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றுவிட்டுக் குமிழி வருகிறதா பாருங்கள். மெல்ல என்றால் மெல்லத்தான். தட்டையான தகடு அதிகக் காற்றில் உப்பிக்கொள்ளும்.

மாட்டும்போது பட்டைக்கு அடியில் கம்பளித் துண்டை மறுபடி வைக்கவில்லை. நீர் உறிஞ்சாத ரப்பர்ப் பட்டை வைத்து, தகட்டுக்கு இரண்டு கோட்டு துருத்தடுப்பு பெயின்ட் அடித்தேன். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். மழைக்காலத்தில் டேங்கை நிறைத்தே வைத்திருக்கிறேன். மழை ஓய்ந்ததும் டிரெயின் நட்டைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தால், அடியில் நீர் நிற்கிறதா என்று கண்ணாடியில் தெரிந்துவிடும்.

கழற்றிப் போட்ட பழைய டேங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைக் காயலான்கடையில் அப்படியே போட்டுவிட்டு வந்தால், அங்கே கேஸ் கட்டரால் வெட்டுகிற பையனுக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. அந்தப் பையனும் ஒரு வீட்டுப் பிள்ளை. சோப்பு நீரில் கழுவி, மிதவைத் துளையையும் டிரெயினையும் திறந்தே விட்டு, கடைக்காரரிடம் பெட்ரோல் டேங்க் என்று வாயாலும் சொல்லி, தகட்டின் மேல் பெயின்டாலும் எழுதிக் கொடுத்தேன். தீ வைத்து வெட்டாமல் உளியால் பிளக்கச் சொன்னேன், சரி நானா என்றார். நாகப்பட்டினத்தில் போட்டாலும் காரைக்காலில் போட்டாலும் இவ்வளவையும் செய்துவிட்டே போடுங்கள்.