உச்சிவெயிலும் கூலியும்

அன்புள்ள வாசகருக்கு,

உச்சிவெயிலில் வேலையை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று நான் எழுதியதற்கு, "நம் ஊர் வெயில் நேற்று வந்ததா? கொத்தனாரும் சித்தாளும் பழகியவர்கள்தானே?" என்று கேட்டிருந்தீர்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். அந்த வீட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

பழக்கம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். செங்கல் சுமக்கும் உடம்பு தானே சூட்டை உண்டாக்குகிறது. வியர்வை உலர்ந்தால்தான் அந்தச் சூடு இறங்கும். காற்றில் ஈரம் கூடிவிட்டால் வியர்வை வழியுமே தவிர உலராது. கடலோரச் சென்னையின் 37 டிகிரி, வறண்ட ஊரின் 40 டிகிரியைவிட மோசமாக இருக்கக்கூடியது அதனால்தான். மயங்கி விழுவது மட்டுமே ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். நாள்தோறும் உடலில் நீர் வற்ற உழைப்பவர்களின் சிறுநீரகம் கெடுவதை மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். நம் உப்பளங்கள் பலவற்றில் கழிப்பறை இல்லை. அதற்குப் பயந்தே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

முடியாவிட்டால் நிழலில் ஒதுங்கலாமே என்பீர்கள். ஒதுங்கினால் கூலி குறையும். நாளைக்குக் கூப்பிடாமலும் போகலாம். நாள் கூலிக்காரருக்கு ஓய்வு என்பது மேஸ்திரியின் முகம் பார்த்துக் கேட்க வேண்டிய சலுகை. அது உரிமையாக எழுதப்பட வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இது நடக்காத காரியமும் இல்லை. கேரளத்தில் கோடைதோறும் தொழிலாளர் ஆணையர் உத்தரவு போடுகிறார்: திறந்தவெளி வேலைக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு; 8 மணி நேர வேலையைக் காலை 7 முதல் மாலை 7க்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய் வேலை செய்கிறவருக்கு அந்த ஓய்வு உண்டு. களியக்காவிளை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கிடையாது.

நம் பிள்ளைகள் பலர் பிழைக்கப் போன கத்தாரில், 2021 விதிப்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலை கூடாது. வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் அமைக்க முடியாத நாடு அது. சங்கங்களுக்கு நூறாண்டு வரலாறு உள்ள நம் மாநிலத்தில் இப்படியொரு விதி இல்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் உயிர் போனபின் பணம் தர விதி இருக்கிறது. போகாமலிருக்க வேலையை நிறுத்த விதி இல்லை.

அது வரும்வரை உங்கள் கையில் இருப்பதைச் செய்யுங்கள். காலை 6 மணிக்கே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். 12 முதல் 3 வரை நிறுத்துங்கள். தார்ப்பாய் நிழல், குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை மூன்றும் இருக்கட்டும். கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள். கிரகப்பிரவேசம் சில வாரம் தள்ளலாம், செலவும் கொஞ்சம் ஏறலாம். வீடு உங்களுடையது, அந்தச் செலவும் உங்களுடையதாக இருப்பதுதான் நியாயம். இதுவரை அதைச் சித்தாள் தன் உடம்பால் கட்டிவந்தார்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்