ஓராண்டுப் பயிற்சி: ஆலையா, தலைமையகமா, ஏஜென்சியா?

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களிடமும் முதலீட்டாளர்களிடமும் பத்திரிகைகளிடமும் அக்கம்பக்கத்து மக்களிடமும் பேசுவதையெல்லாம் கவனிக்கும் பிரிவு கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ். செய்திக்குறிப்பு, சுற்றறிக்கை, ஊழியர் இதழ், ஆண்டறிக்கை, விபத்து நேர்ந்தால் வெளியாகும் முதல் அறிக்கை எல்லாமே அந்த மேசையிலிருந்து போகின்றன. இதழியல், விஸ்காம், ஆங்கில இலக்கியம், பி.பி.ஏ. படித்தவர்கள் இங்கே ஓராண்டு பயிற்சி பெற வழியுண்டு. செம்பரம்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்து மாணவருக்கு ஒருபுறம் பாடி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள், மறுபுறம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள். இவற்றில் எங்கே சேர்வது, எந்த ஒப்பந்தத்தில் சேர்வது என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆறு வார இன்டர்ன்ஷிப் இந்தத் துறைக்குப் போதாது. நிறுவனத்தின் பேச்சு ஆண்டுச் சக்கரத்தில் சுழல்வது. காலாண்டு முடிவுகள் நான்கு முறை வரும். ஆண்டறிக்கை கோடையில் தயாராகும். மார்ச்சில் கணக்கை முடிக்கும் கம்பெனி செப்டம்பர் 30-க்குள் பங்குதாரர் பொதுக்கூட்டத்தை நடத்தியாக வேண்டும். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள், பிறகு ஆயுத பூஜை, வடகிழக்குப் பருவமழை. ஒரு சுற்று முழுதாகப் பார்த்தவருக்கே அடுத்த மாதம் என்ன வரும் என்று தெரியும். நீண்ட பயிற்சி புதிய யோசனையும் அல்ல. படிப்பின் நடுவே மாணவரை வேலைக்கு அனுப்பும் முறை பிரிட்டனில் சண்டர்லாந்தில் 1903-லும் அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906-லும் தொடங்கியது. இந்தியாவில் பட்டப்படிப்புக்குள்ளேயே பயிற்சியைச் சேர்க்க யு.ஜி.சி. 2020-இல் வழிகாட்டுதல் தந்தது. தன் கல்லூரி இதை ஏற்றிருக்கிறதா, பயிற்சிக்கு கிரெடிட் உண்டா என்பதைத் துறைத் தலைவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

படிப்பை முடித்தவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள். முதலாவது, தொழில் பழகுநர் சட்டம், 1961-இன் கீழ் வரும் அப்ரண்டிஸ் ஒப்பந்தம். பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு 2014 திருத்தம் இதில் இடம் தந்தது. 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தன. இந்தச் சட்டத்தின்கீழ் இயங்கும் தேசியத் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் (நாட்ஸ்) அந்தத் தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. தென்மாநிலங்களுக்கு இதை நடத்துவது தரமணியில் உள்ள பயிற்சி வாரியம். ஆண்டு முடிவில் அரசுச் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர். பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கடமை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய நிறுவனத்துக்கு இல்லை.

இரண்டாவது, 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். தொடக்க விதிகளின்படி பெரிய 500 நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய். வயது 21 முதல் 24 வரை. முழுநேரப் படிப்போ வேலையோ இருக்கக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது. முதுகலை முடித்தவருக்கு இடமில்லை. நாட்ஸ் பயிற்சியை ஒருமுறை முடித்தவர் மறுபடி அதில் சேர முடியாது. இன்டர்ன்ஷிப் திட்டத்துக்கும் தகுதி இழப்பார். ஆகவே கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் நல்லதாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. இந்த இரண்டிலும் சேராமல், நிறுவனம் தன் லெட்டர்பேடில் தரும் தனிப் பயிற்சியும் உண்டு. அதில் உதவித்தொகையும் சான்றிதழும் முழுக்க அந்த நிறுவனத்தின் மனம்போல.

இனி இடம். ஆலைக்குள் இருக்கும் தொடர்புப் பிரிவு பெரும்பாலும் ஹெச்.ஆர். பிரிவோடு ஒட்டியிருக்கும், ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். அவர்களுடைய வாசகர் கேன்டீன் வாசலில் நின்று நோட்டீஸ் போர்டைப் படிக்கும் தொழிலாளி. இங்கே தமிழ்தான் முதல் கருவி. ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்காக இந்தியும் வேண்டியிருக்கும். பயிற்சி மாணவரிடம் முதலில் வரும் வேலை அநேகமாக ஆங்கிலச் சுற்றறிக்கையைத் தமிழாக்குவது. “தவிர்க்க இயலாத காரணங்களால் பணி நேரத்தில் மாற்றம் செய்யப்படுவது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது” என்று எழுதினால், படித்தவர் பக்கத்தில் நிற்பவரிடம் என்ன விஷயம் என்று கேட்பார். “நாளை காலை 6 மணி ஷிப்ட் இல்லை. மதியம் 2 மணி ஷிப்ட் உண்டு. குன்றத்தூர் வழி கம்பெனி பஸ் ஓடாது, அந்த வழியில் ஏறுபவர்கள் பூந்தமல்லிக்கு வரவும்” என்றால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு வந்து சேர்வதுதான் ஆலைப் பயிற்சி தரும் பெரும் பயன். வேறெங்கும் இது இவ்வளவு சீக்கிரம் கைகூடாது, ஏனென்றால் எழுதியது புரியவில்லை என்றால் அடுத்த ஷிப்டிலேயே தெரிந்துவிடும்.

இதற்கான பாடம் உள்ளூரிலேயே இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது; அடையாற்றங்கரை மூழ்கியது. கரையில் குடியிருந்தவர்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்பது பெரும் சர்ச்சையானது. ஏரி நிரம்பும்போது வரும் அறிவிப்புகளில் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். கன அடிக் கணக்கு பொறியாளருக்கு வேண்டும். வீட்டைக் காலிசெய்ய வேண்டியவருக்கு வேண்டியது ஊர்ப் பெயரும் நேரமும். நெருக்கடியில் நிறுவனம் எப்படிப் பேச வேண்டும் என்று படிக்கும் மாணவர் அந்த அறிவிப்புகளைச் சேர்த்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தலைமையக வேலை வேறு மாதிரி. ஆலை பக்கத்தில் இருந்தால் தொடர்புப் பிரிவும் பக்கத்தில் இருக்கும் என்று நினைப்பது தவறு. முருகப்பா குழுமத்தின் டியூப் புராடக்ட்ஸ் ஆலை ஆவடியில். தலைமையகம் சென்னை நகருக்குள். 2024 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்த ஹூண்டாய் இந்தியாவின் பதிவு அலுவலகம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்க, தலைமையகம் குருகிராமில் இருக்கிறது. ஆகவே தன் மேசை எந்த ஊரில் என்பதை நேர்காணலிலேயே கேட்க வேண்டும். செம்பரம்பாக்கத்திலிருந்து நகருக்குள் தினமும் போய்வருவது உடம்பையும் உதவித்தொகையையும் ஒருசேரத் தின்னும். அதே மாணவர் இருங்காட்டுக்கோட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்விடலாம்.

பயணம் கட்டுப்படியானால், பட்டியலிடப்பட்ட கம்பெனியின் தலைமையகம் கற்றுத்தரும் ஒழுங்குக்கு ஈடில்லை. சந்தை நேரத்தில் இயக்குநர் குழுக் கூட்டம் முடிந்தால் அதன் முக்கிய முடிவுகள் 30 நிமிடத்துக்குள் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதி. அதற்கு முன்னால் பத்திரிகைக்கு ஒரு வரி கசியக் கூடாது. காலாண்டு முடிந்த நாள் முதல் கணக்கு முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை உள்தகவல் அறியக்கூடிய ஊழியர்கள் அந்தக் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. நெருங்கிய குடும்பத்தாருக்கும் இது பொருந்தும். முடிவுகளின் வரைவைப் பார்க்கும் பயிற்சி மாணவரும் இதை வீட்டில் சொல்லிவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறாதவருக்கும் கணக்கில் ஆர்வம் உள்ளவருக்கும் ஏற்ற இடம் இது. குறை என்னவென்றால், முக்கியமான அறிக்கைகளைப் பயிற்சி மாணவர் எழுத விடமாட்டார்கள். ஓராண்டில் பாதி பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதில் போகும்.

பி.ஆர். ஏஜென்சி மூன்றாவது வழி. ஒரே நேரத்தில் நான்கைந்து வாடிக்கையாளர், காலையில் பத்திரிகைச் செய்தித் தொகுப்பு, மதியம் நிருபர்களுக்கு போன். வேகம் வரும், பத்திரிகை அலுவலகத் தொடர்புகள் வரும். ஆனால் எந்த நிறுவனத்தையும் உள்ளிருந்து பார்க்க முடியாது. வேலை நேரத்துக்கும் எல்லை இல்லை, இரவில் திரும்பிவர வேண்டிய பூந்தமல்லி மாணவிக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஏஜென்சியை முதல் ஆண்டாக அல்ல, இரண்டாவது படியாக வைத்துக்கொள்வதே மேல்.

பொதுத்துறையை விரும்புவோர்க்கு ஆவடி இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் இயங்கும் ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் தலைமையகம் அங்கேதான். கனரக வாகனத் தொழிற்சாலையும் அதன்கீழ் வருகிறது. சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. ஆனால் பாதுகாப்புத் துறை வளாகத்தில் செய்த வேலையில் படமோ பக்கமோ வெளியே கொண்டுவர இயலாது. வேலை தேடும்போது காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. தனியார் நிறுவனத்திலும் எதை வெளியே காட்டலாம் என்பதை முதல் மாதமே எழுத்தில் வாங்கிவைப்பது அவசியம்.

எங்கே சேர்ந்தாலும் நேர்காணலில் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “நான் எழுதுவதை யார் திருத்துவார்கள்?” பதிலில் ஒருவர் பெயர் வந்தால் சேரலாம். “எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்” என்று வந்தால் அந்த ஆண்டு பேனர் கட்டுவதிலும் பூங்கொத்து வாங்குவதிலும் விருந்தினருக்கு நினைவுப்பரிசு எடுத்துக்கொடுப்பதிலும் கழிய வாய்ப்பு அதிகம். முந்தைய ஆண்டு பயிற்சி எடுத்தவரிடம் பேச அனுமதி கேட்பதும் தவறில்லை. நல்ல நிறுவனம் மறுக்காது.

மேற்குப் புறநகர் மாணவரில் பெரும்பாலோருக்கு, திருத்தித்தர ஆள் இருக்கிற பக்கத்து ஆலையில், தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் பதிவான ஒப்பந்தத்தோடு சேர்வதே முதல் தேர்வு. இரண்டையும் ஒரே இடத்தில் பெற முடியாமல் போனால் திருத்துபவர் இருக்கும் இடத்தையே எடுக்க வேண்டும். ஒப்பந்தம் இணையத்தில் பதிவாகிப் பதிவு எண் கைக்கு வரும்வரை வேறு நேர்காணலை ரத்து செய்துவிட வேண்டாம்.